மான் சீசனில் போன இரும்பு

டெல்பெர்ட்டின் காரை வாங்க ஆள் கிடைத்துவிட்டது என்று அவன் பெண்டாட்டி ஆர்லீன் வந்து சொன்ன வெள்ளிக்கிழமை, நான் சர்ச்சின் கீழ்த்தளத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சர்ச்சில் மீன் வறுப்போம். லான்சிங்கின் மேற்குப் பக்கத்தில் பாதி ஊர் வந்து தின்றுவிட்டுப் போகும். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்தொன்பது வருஷம் வெந்தவள் நான். எண்பது வயதிலும் வெர்னாவை விட்டால் இந்த அடுப்படிக்கு நாதியில்லை என்று ஃபாதர் சொல்வார். அதைக் கேட்டு மனம் குளிர்ந்து இன்னொரு மூட்டை உரிப்பேன். அப்படியொரு பைத்தியக்காரத்தனம் எனக்கு உண்டு.

ஆர்லீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்தாள். இரண்டு கிழங்கு உரித்துப் போட்டாள்.

“இண்டியானாவுல இருந்து ஒருத்தரு வர்றாராம் அக்கா. நாளைக்குக் காலையில. ஷெரி கம்ப்யூட்டர்ல போட்ட போட்டோவப் பாத்துட்டு நேத்து போன் பண்ணினாரு.”

“நல்லதாப் போச்சு. அதுக்கு ஏண்டி மூஞ்சி இப்படி இருக்கு?”

“உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரிந்ததால்தான் கேட்டேன்.

தீலன் குடும்பம் எனக்கு நாற்பது வருஷமாகப் பக்கத்து வீடு. டெல்பெர்ட் தீலன் என்னைவிட ஆறு வயது சின்னவன். என்னை அக்கா என்றே கூப்பிடுவான், நானும் அவன் இவன் என்றே சொல்கிறேன். ஓல்ட்ஸ்மொபில் கார் ஆலையில் முப்பத்தொரு வருஷம் கதவு மாட்டினான். ஆலையை மூடி இடித்துத் தரைமட்டமாக்கி அந்த இடத்தில் இப்போது புல் முளைத்துக் கிடக்கிறது. அவனுக்கு நடுக்குவாதம் வந்து நாலு வருஷமாகிறது. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி சட்டையில்தான். வீட்டுப் படி ஏற முடியவில்லை. மகள் ஷெரி கலமசூவில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் வைத்த ஒரு குடியிருப்பில் இடம் பிடித்துவிட்டாள். இந்த வீட்டை ஒரு நர்ஸும் அவள் புருஷனும் வாங்கியாயிற்று. ஏப்ரல் முடிவதற்குள் கராஜ் காலியாக வேண்டும்.

கராஜில் இருந்தது எழுபதாம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் 442. எங்கள் ஊரிலேயே செய்த வண்டி. அந்தக் காலத்தில் அது சாலையில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒரு பண்ணையில், கோழி அடைந்துகிடந்த வண்டியை டெல்பெர்ட் வாங்கி இழுத்துவந்தபோது அவனுக்கு நாற்பத்தாறு வயது. ஓய்வு பெறுவதற்குள் புதுசாக்கிவிடுவேன் என்றான். திருகாணி திருகாணியாகக் கழற்றினான். அடிச்சட்டத்தைச் சுரண்டிக் கறுப்பு அடித்தான். ஓட்டைவிழுந்த தகரத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புதுசு வைத்துப் பற்றவைத்தான். அப்புறம் எங்கேயோ நின்றுபோயிற்று. ஓய்வும் பெற்றான், பேத்தி கல்லூரியும் முடித்தாள், வண்டி சாம்பல் நிறப் பூச்சோடு அப்படியே நின்றது. சீட்டு விளையாடுகிற இடத்தில் எல்லோரும் அவனைக் கிண்டலடிப்பார்கள். “டெல், உன் வண்டி ரோட்டுக்கு வர்றதுக்குள்ள உலகத்துல பெட்ரோல் தீந்துடும்டா” என்பார்கள். சிரித்துக்கொள்வான். ஆனாலும் ராச்சாப்பாடு ஆனதும் கராஜுக்குப் போய்விடுவான். எட்டு மணிக்கு ஆர்லீன் காப்பி எடுத்துக்கொண்டு போவாள். உடம்புக்கு முடியாமல் கிடந்த நாள் போக ஒருநாள் தவறியதில்லை.

அந்த வண்டி இனி ரோட்டுக்கு வராது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். ஆர்லீனுக்கும் எனக்கும்.

நவம்பர் பதினைந்தாம் தேதி மான் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் ஆண்பிள்ளை என்று பேர் சொல்ல ஆள் இருக்காது. ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, துப்பாக்கியும் பீருமாக, வடக்கே காட்டுக்குள் இருக்கிற குடிசைக்குப் போய்விடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள், சிலது மாசக் கடைசிவரைக்கும். அந்த நாட்கள் எங்களுக்கும் திருவிழாதான். அவர்கள் கண்ணெதிரே எறியமுடியாத குப்பையையெல்லாம் அப்போதுதான் எறிவோம். பழைய இரும்பைத் திரட்டி விற்று சர்ச் கூரையைச் சரிசெய்யலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, அதை மான் சீசனில் வையுங்கள், ஒருத்தனும் குறுக்கே நிற்கமாட்டான் என்று யோசனை சொன்ன மகாபுத்திசாலி நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

இது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்த வருஷம் ஆர்லீனுக்கு மார்பில் கட்டி. அறுத்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, எட்டு மாசம் படுக்கை. டெல்பெர்ட்தான் சமைத்தான், துவைத்தான், வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவினான். அந்த முறை வேட்டைக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அவள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். சனிக்கிழமை காலையில் நான் இரும்பு கேட்டுத் தெருவில் வந்தபோது, மொட்டைத் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு கராஜ் வாசலில் நின்றாள். எட்டு மாசத்துக்குப் பிறகு அவள் நிற்பதைப் பார்க்கிறேன்.

“சுத்தம் பண்ணி வைக்கப் போறேன் அக்கா. வந்து பாத்து அவன் அசந்து போகணும்” என்றாள்.

பெயிண்ட் டப்பா, உடைந்த புல்வெட்டி, வளைந்த குழாய் எல்லாம் எடுத்துப்போட்டோம். மேசைக்கு அடியில், மூலையில், சாக்கில் சுற்றின இரண்டு இரும்புப் பாளம் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும்.

“இது என்னடி?”

“என்னமோ. வந்த நாள்லேருந்து இங்கதான் கிடக்குது. கால இடிச்சுக்கிட்டே இருக்கேன். எடுங்க.”

அவளுக்குத் தூக்கத் தெம்பில்லை. நான்தான் தூக்கினேன். பனியில் பிள்ளைகள் சறுக்குகிற பலகையில் வைத்து, சர்ச் மைதானத்தில் இரும்பு சேர்க்க நிறுத்தியிருந்த பெரிய தொட்டிவரை இழுத்துக்கொண்டுபோய், உள்ளே உருட்டிவிட்டது இந்தக் கைதான்.

அது என்ன என்று மறு வருஷம் வசந்தத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆலையில் கூட வேலைபார்த்த எமெட் வண்டியைப் பார்க்க வந்திருந்தான். ஆர்லீன் காப்பி கொண்டுபோனபோது அவன் சொல்லிக்கொண்டிருந்தானாம். இன்ஜினுக்கு மேல் மூடியாக உட்கார்கிற இந்த மாதிரி இரும்பு ஹெட்டை எழுபதாம் வருஷத்தில் சில வண்டிகளுக்கு மட்டும்தான் போட்டார்கள், இந்த வண்டியோடு பிறந்த ஜோடி இதுதான், இது இருந்தால்தான் வண்டிக்கு மதிப்பே என்று. டெல்பெர்ட்டும், “மேசைக்கடியில பத்திரமா இருக்கு, சாக்குல சுத்தி வச்சிருக்கேன்” என்றானாம். காப்பியைக் கீழே வைத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து, என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

“சொல்லிடு” என்றேன் அன்றைக்கு.

“இந்த வாரம் சொல்றேன்” என்றாள்.

அந்த வாரம் வரவேயில்லை. ஒருநாள் சொல்லாமல் விட்ட விஷயம் மறுநாள் இரண்டு மடங்கு கனக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அது எவ்வளவு கனத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவன் என்றைக்காவது சாக்கைத் தேடுவான் என்று ஒவ்வொரு ராத்திரியும் பயந்துகொண்டே காப்பி கொண்டுபோனாள்.

“வர்றவரு முதல்ல அதத்தான் கேப்பாரு அக்கா” என்றாள் இப்போது, கிழங்கைப் பார்த்தபடி. “டெல் பக்கத்துல நிப்பான். குனிஞ்சு தேடச் சொல்லுவான். நான் அங்க நின்னுக்கிட்டு…”

“இன்னிக்கு ராத்திரியே சொல்லிடேண்டி. அவன் என்ன உன்ன அடிக்கவா போறான்?”

“அடிச்சாப் பரவால்ல. ஒண்ணும் சொல்ல மாட்டான். அந்தக் கை நடுங்கிக்கிட்டே இருக்கும், அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி இருப்பேன்? அவனுக்குன்னு இந்த உலகத்துல இருந்தது அது ஒண்ணுதான் அக்கா. மிச்சமெல்லாம் எனக்கும் ஷெரிக்கும் செஞ்சான். கெடுத்தது யாருன்னு தெரியாமலே போயிடட்டுமே. நீங்க நாளைக்குக் காலையில அவன எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. அந்த ஆளு பாத்துட்டுப் போறவரைக்கும்.”

“எங்கடி கூட்டிக்கிட்டுப் போக? நான் என்ன அவன சினிமாவுக்கா கூட்டிக்கிட்டுப் போக முடியும்?”

“உங்க வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு சொல்லுங்க. ஒழுகுதுன்னா வருவான்.”

கை நடுங்குகிறவனைக் குழாய் பார்க்கக் கூப்பிடுவதா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

சனிக்கிழமை விடிந்தபோது வானம் சாம்பலாக இருந்தது. ராத்திரி பெய்த பனி தண்ணியாகிச் சேறாகித் தெருவெல்லாம் வழிந்தது. ஏப்ரல் மாசத்து மிச்சிகன் அப்படித்தான், குளிரும் போகாது, வெயிலும் வராது. நான் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே போனேன். கராஜ் கதவு மேலே தூக்கியிருந்தது. உள்ளே டெல்பெர்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரின தலை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கிற தகப்பன் மாதிரி.

“டெல், எங்க வீட்டுக் குழாய் ஒழுகுதுப்பா. கொஞ்சம் வந்து பாரு.”

“எந்தக் குழாய்?”

“சமையக்கட்டுக் குழாய்.”

“அது போன வருஷம் புதுசு மாத்தினதுக்கா.”

“அதான் ஒழுகுது.”

என்னை ஏற இறங்கப் பார்த்தான். “ஒரு வாளி வையுங்க. மதியம் வர்றேன். என் வண்டிய விக்கிறப்ப நான் இல்லாமயா?”

உள்கதவில் ஆர்லீன் நின்றாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

ஒன்பதுக்கு ஒரு பெரிய டிரக், பின்னால் காலி டிரெய்லர். இறங்கினவன் பேர் லோவெல். ஐம்பது வயது இருக்கும், எலெக்ட்ரீஷியன், நகத்திடுக்கில் எண்ணெய். நல்ல மனுஷன் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதுவேறு வயிற்றெரிச்சல். வந்தவன் எத்தனாக இருந்திருந்தால் நானே சண்டைபோட்டு விரட்டியிருப்பேன்.

பேச்சை வளர்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வண்டியின் மேல் அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தான். ஓட்டையைத் தகரம் வைக்காமல் மாவு பூசி மூடியிருந்தால் காந்தம் ஒட்டாதாம். எல்லா இடத்திலும் ஒட்டியது.

“நீங்களே பத்த வச்சீங்களா ஐயா?”

“நான்தான். அப்ப கை நல்லாருந்துச்சு.”

“தையல் தெரியலையே. எங்க வெட்டினீங்கன்னே கண்டுபிடிக்க முடியல.”

டெல்பெர்ட்டுக்கு முகம் சிவந்தது. பாராட்டு கேட்டுப் பழக்கமில்லாதவன். “அந்தப் பக்கத்துக் கதவ வேணா பாரு தம்பி. எழுபதுல நானே மாட்டினதாக்கூட இருக்கும். யாரு கண்டா? ஒரு நாளைக்கு எத்தனையோ கதவு.”

“அப்ப ரெண்டு தடவ மாட்டியிருக்கீங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். லோவெல் ஒரு அட்டையை விரித்து மல்லாந்து வண்டிக்கடியில் போனான். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டான், டெல்பெர்ட் நாற்காலியிலிருந்தே பதில் சொன்னான். சுவர் முழுக்கக் காப்பி டப்பா. ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் எழுதியிருந்தது: முன் பம்பர் இடது, கதவுக் கீல் வலது, சீட்டுத் தண்டவாளம். லோவெல் வெளியே வந்து ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தான். உள்ளே திருகாணிகள் வெள்ளிக்காசாக மின்னின. இன்னொன்றைத் திறந்தான். அதுவும் அப்படியே.

“இந்த மாதிரி யாரும் வச்சிருந்து நான் பாத்ததில்லீங்க. நாலு மாசத்து வேலைய மிச்சப்படுத்திட்டீங்க எனக்கு. வண்டி இந்தக் கிறிஸ்துமஸுக்கே ரோட்டுக்கு வந்துடும்.”

ஆர்லீன் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள்.

லோவெல் இன்ஜினை மூடியிருந்த படுக்கைவிரிப்பைத் தூக்கினான். இன்ஜினில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தான். வண்டி எண்ணோடு ஒத்துப்போனதுபோல, ம் என்று தலையாட்டினான். பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான்.

“ஹெட்டு ரெண்டும் எங்க வச்சிருக்கீங்க?”

நான் ஆர்லீனைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. “அது…” என்று அவள் குரல் வந்தது.

“அது இல்ல தம்பி” என்றான் டெல்பெர்ட். “குடுத்துட்டேன்.”

“குடுத்துட்டீங்களா?”

“ஆமா. பன்னெண்டு வருஷம் இருக்கும். ஒருத்தன் வந்து கேட்டான். தூக்கிக் குடுத்துட்டேன்.”

லோவெல் அவனையே பார்த்தான். “ஐயா, இந்த வண்டிக்கு உயிரே அதுதானே. இவ்வளவு தெரிஞ்சவங்க எப்படி…”

“புத்தி கெட்டுப்போச்சு. வேற என்ன சொல்ல?”

“யாரு, எவருன்னு ஏதாவது நினைவிருக்கா? தேடிப் பாக்கலாம்.”

“இல்லப்பா.”

அதற்குமேல் லோவெல் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் நின்றான். ஆனால் அந்தப் பார்வை மாறிவிட்டது. கால்மணி நேரத்துக்கு முன்னால் ஆசானைப் பார்க்கிறது மாதிரிப் பார்த்தவன், இப்போது வயசான காலத்தில் வீட்டுப் பொருளை வந்தவன் போனவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கிற கிழவனைப் பார்க்கிறது மாதிரிப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். டெல்பெர்ட் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு, சலவைச் சட்டையோடு, அப்படியே உட்கார்ந்திருந்தான்.

லோவெல் வெளியே போய்ச் சேற்றில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தான்.

“உங்ககிட்டப் பொய் சொல்லப் பிடிக்கலீங்க ஐயா. ஹெட்டு இருந்தா இத அப்படியே முடிச்சு, உங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருப்பேன். இல்லாத பட்சத்துல வேற ஜோடி தேடி வாங்கி இத முடிக்கிறது எனக்குக் கட்டாது. எங்க வீட்டுல இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு. அது தரை, கதவெல்லாம் அரிச்சுப்போனது. இதுலேருந்து கழட்டி அதுக்குப் போட்டுக்குவேன். பாதி விலைதான் தர முடியும். வேற ஆளு வேணும்னா பாருங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

“வேற ஆளு பாக்க நாளில்ல” என்றான் டெல்பெர்ட். “கதவு ரெண்டும் போடுவியா அதுக்கு?”

“கட்டாயம் போடுவேன்.”

“சரி. எடுத்துக்க.”

வண்டியை ஏற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. கம்பிவடத்தைக் கொக்கியில் மாட்டி மோட்டாரைப் போட்டதும், இருபத்தெட்டு வருஷமாக அசையாதது, ஒரு முனகலோடு நகர்ந்தது. தெருவில் இரண்டு மூன்று பேர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். வண்டி தன்னைத் தாண்டிப் போகும்போது டெல்பெர்ட் நாற்காலியிலிருந்து எழாமலே கையை நீட்டிப் பக்கத் தகரத்தைத் தொட்டான். நடுங்குகிற விரல் தகரத்தில் தட்தட்டென்று சத்தம் போட்டது. அதை நிறுத்த முடியாமல் கையை எடுத்துவிட்டான். காப்பி டப்பாக்களையும் லோவெல் அட்டைப்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டான். கடைசியில் தொப்பியைக் கழற்றி, “வர்றேன் அம்மா” என்று ஆர்லீனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஆர்லீன் அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். உருளைக்கிழங்கும் பன்றித் தொடைக்கறியும் போட்ட சூப் நேற்றே வைத்தது, அதைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றி மூன்று பேருக்கும் வைத்தாள். ரொட்டி வெட்டினாள். டெல்பெர்ட்டுக்குக் கழுத்தில் துண்டைக் கட்டினாள். கட்டின கையை எடுக்காமல் அவன் பின்னாலேயே நின்றாள். நான் எழுந்து போயிருக்கவேண்டும். ஆனால் இதில் எனக்கும் பங்கு உண்டே, எப்படிப் போவேன்?

“எப்பத் தெரியும் உனக்கு?” என்றாள்.

“எது?”

“டெல்.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “வேட்டையிலேருந்து வந்த மறுநாள். குளிச்சிட்டு அலமாரியத் தொறந்தா நீலத் துண்டு மடிச்சு வச்சிருக்கு. அத நான்தான் ரெண்டு ஹெட்டுக்கும் நடுவுல வச்சு சாக்குல சுத்தினேன். சரிதான், என் பொண்டாட்டி துண்ட மீட்டுட்டான்னு நெனச்சேன்.”

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. தொட்டிக்குள் உருட்டும்போது சாக்குக்குள்ளிருந்து ஒரு நல்ல துண்டு எட்டிப்பார்த்தது. வீணாய்ப் போகிறதே என்று உருவி ஆர்லீனிடம் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். இரும்பைத் தூக்கிப்போட்டுவிட்டுத் துண்டைக் காப்பாற்றிய கெட்டிக்காரி.

“அப்ப எமெட்டுகிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னியே?”

“நீ காப்பியோட வந்து நின்னுட்ட. வேற என்ன சொல்லச் சொல்ற?”

“ஏன் என்னக் கேக்கல?” அவள் குரல் உயர்ந்தது. “கத்தியிருக்கலாம், திட்டியிருக்கலாம். ஏன் கேக்கல?”

“வீட்டுக்குள்ள வண்டி நுழையறப்ப நீ கராஜ் வாசல்ல துடைப்பத்தோட நின்னுக்கிட்டிருந்த ஆர்லீன். ‘பாத்தியா, எப்படிப் பண்ணி வச்சிருக்கேன்’னு சிரிச்ச. எட்டு மாசம் கழிச்சு நின்னுக்கிட்டிருந்த. அதுக்கப்புறம் துண்டப் பாத்துட்டு வந்து எப்படிக் கேக்கறது? கேட்டா நீ மறுபடி படுத்துக்குவியோன்னு இருந்துச்சு. அப்புறம் கேக்கலாம்னு நெனச்சேன். அப்புறம்… நீ சொல்லாம இருக்கறதப் பாத்தா, உனக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சுது. அதுக்குமேல கேட்டா உன்னக் கூண்டுல ஏத்தின மாதிரி ஆயிடும்.”

“அப்ப இத்தன வருஷமா தினம் ராத்திரி அங்க உக்காந்து என்ன பண்ணின?”

“போல்ட்டத் தொடச்சேன்.”

“ஏற்கெனவே தொடச்சதையா?”

“ஆமா. நீ காப்பி கொண்டு வருவியே. போகலைன்னா ஏன்னு கேப்ப.”

ஆர்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது அழுதாள். எனக்கு அவள் அழுகையில் நன்றி தெரியவில்லை, கோபம்தான் தெரிந்தது. அந்தக் கோபம் நியாயம்தான். என் புருஷன் இப்படியொரு நல்ல காரியம் செய்திருந்தால் நானும் கிண்ணத்தை எடுத்து அவன் தலையில்தான் போட்டிருப்பேன்.

“ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் ஓடியிருப்பேனே டெல். நடந்தே போய் எடுத்துட்டு வந்திருப்பேன். நீ அந்த வண்டியில ஊரச் சுத்தியிருப்ப. இன்னிக்கு அந்தப் பையன் உன்ன அப்படிப் பாத்திருக்க மாட்டான்.”

“சனிக்கிழமை அள்ளினது. நான் வந்தது செவ்வாய். போனது போனதுதான்னு நெனச்சேன்” என்றான். சொல்லிவிட்டு, அதில் அவனுக்கே சந்தேகம் வந்ததுபோல நிறுத்தினான். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கணக்கை அவன் ஒருமுறையும் போட்டுப் பார்த்ததில்லை என்று எனக்குப் பட்டது. போட்டுப் பார்க்கப் பயந்திருப்பான்.

ஆர்லீன் என் பக்கம் திரும்பினாள். “அக்கா. அந்தத் தொட்டி என்னிக்குப் போச்சு? நீங்கதான பொறுப்பு பாத்தீங்க.”

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். டெல்பெர்ட்டின் கை மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

தொட்டி எங்கேயும் போகவில்லை. அதை எடுக்கவேண்டிய லாரிக்காரனும் ஆண்பிள்ளைதானே, அவனும் மான் வேட்டைக்குப் போய்விட்டான். சீசன் முடிந்து டிசம்பர் முதல் வாரத்தில்தான் வந்தான். டெல்பெர்ட் திரும்பிவந்த பிறகு இரண்டு வாரம், இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, சர்ச் மைதானத்தில், மேலே பனி மூடி அது நின்றது. சமையலுக்குப் போகும்போதும் வரும்போதும் தினம் அதைத் தாண்டித்தான் போனேன். எமெட் வந்துபோன அன்றைக்கு ஆர்லீன் என் வீட்டில் வந்து அழுதபோதே இந்த நாட்களை நான் விரல்விட்டு எண்ணிவிட்டேன்.

“சனிக்கிழமை சாயங்காலமே போயிடுச்சுடி” என்றேன். “இருட்டறதுக்குள்ள வந்து தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.”

டெல்பெர்ட் மூச்சு விட்டான். தோள் இரண்டும் கீழே இறங்கின. “பாத்தியா” என்றான் அவளிடம், மெதுவாக. “கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கரண்டியை எடுத்து அவனுக்கு ஊட்ட ஆரம்பித்தாள். அவன் மறுக்காமல் வாயைத் திறந்தான்.

அந்த மாசக் கடைசியில் அவர்கள் கலமசூவுக்குப் போனார்கள். ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரியைப் புறம்பேசினது, சூப்பில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கினது எல்லாவற்றையும் ஃபாதரிடம் சொல்லிவிடுவேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் மனம் வருந்துகிறாயா மகளே என்று கேட்பார். வருந்தவில்லையே, என்ன செய்ய?